தங்கவயலின் வரலாற்றை யார் எழுதுவது?

(கோலார் தங்கவயலில் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இதே மண்ணுக்கு அடியில் நடந்த ஒரு கூட்டு ஆராய்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். 1965ஆம் ஆண்டு, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகள் கண்டறியப்பட்டது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து நடத்திய ஆய்வு அது. இயற்பியல் வரலாற்றில் கோலாரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அதில் நமக்குப் பெருமையே. ஆனால் அந்த ஆழத்தைத் தோண்டிய தொழிலாளியின் வாழ்வை ஆராய அப்படியொரு கூட்டு முயற்சி ஏன் எழவில்லை?

ஆராய எதுவும் இல்லையா?

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு கால்பதித்தது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இந்தச் சுரங்கத்தைத் தாங்கினார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து, முறையான சங்கம் ஏதும் இல்லாத நிலையிலேயே, மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், 1926இல் இங்கிருந்துதான் அப்பாதுரையாரால் மீண்டும் வெளிக்கொணரப்பட்டது. சிலிகோசிஸ் எனும் நுரையீரல் நோய் நம் நாட்டில் முதலில் பதிவான இடங்களில் ஒன்று கோலார்.

இவற்றை ஆராய்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. மைசூர் சமஸ்தானத் தொழிலாளர்களைப் பற்றிய ஜானகி நாயரின் நூலும், தமிழ் பௌத்த இயக்கம் பற்றிய ஞான. அலாய்சியஸின் நூலும் 1998இல் வெளிவந்தன. அவை தனிப்பட்ட ஆய்வாளர்களின் அரிய உழைப்பு. ஆனால் தங்கவயலின் வரலாறு ஒருவர் தனித்துச் செய்து முடிக்கக்கூடிய பணியன்று. நிறுவனத்தின் கணக்குகள் ஆங்கிலத்தில் உள்ளன. அரசுக் கோப்புகளைப் படிக்கக் கன்னடமும் வேண்டும். துண்டறிக்கைகள் தமிழில் உள்ளன. தொழிலாளரின் நினைவுகள் தமிழிலும் தெலுங்கிலும் வாழ்கின்றன. பாறைவெடிப்பைப் புரிந்துகொள்ளப் பொறியாளரும், நோயைப் புரிந்துகொள்ள மருத்துவரும் தேவை. தமிழகப் பல்கலைக்கழகத்துக்கு இது அண்டை மாநிலத்துச் செய்தி; கர்நாடகப் பல்கலைக்கழகத்துக்கோ தமிழ் ஆவணம் எட்டாத பொருள். இரண்டுக்கும் நடுவே நாம் விடுபட்டுப் போகிறோம்.

நிதி யார் கையில்?

இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் 1969இலும், இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 1972இலும் பொதுப்பணத்தில் நிறுவப்பட்டன. இன்று நிலை என்ன? 2018இல் 414 கோடி ரூபாயில் சமூக அறிவியலுக்கென ‘இம்ப்ரெஸ்’ திட்டம் வந்தது; ஆய்வுக்குரிய துறைகளை முன்கூட்டியே வரையறுத்துக் கொடுத்தார்கள். 2022இல் சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 2023இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசு வரவு செலவுக்கு வெளியிலிருந்து, தொழில் நிறுவனங்கள், நன்கொடைகள் முதலிய வழிகளில் வரவேண்டுமாம். மானுடவியல் துறைகளுக்கு அச்சட்டத்தில் உள்ள இடம், அவை அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தொடும் எல்லை மட்டுமே. வேலைநிறுத்தத்தின் வரலாற்றை எழுத எந்த முதலாளி நிதி கொடுப்பார்?

கூட்டு முயற்சியால் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும் இந்தியத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் சங்கமும் இணைந்து 1998இல் தொழிலாளர் ஆவணக்காப்பகத்தை உருவாக்கின. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. வெளிநாட்டு ஒத்துழைப்பையும் நாம் மறுக்கவில்லை. மூல ஆவணம் இங்கேயே இருக்கவேண்டும், ஆய்வுப் பொருளை இங்குள்ளோர் தீர்மானிக்கவேண்டும் என்பதே நம் நிபந்தனை.

நம் கடமை

வீட்டு உரிமையும் நிலுவைத் தொகையும் கிடைக்காதபோது ஆராய்ச்சி எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பணிச்சான்று இல்லாமல் நிலுவையைக் கோர முடியுமா? மருத்துவப் பதிவு இல்லாமல் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்க முடியுமா? ஆவணம் தொலைந்தால் வழக்கும் தொலையும்.

எனவே மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, சங்க அலுவலகங்களிலும் லைன் வீடுகளிலும் உள்ள சம்பளச் சீட்டுகள், துண்டறிக்கைகள், நிழற்படங்கள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும்; ஒரு தாள்கூடப் பழைய காகிதக் கடைக்குப் போகக்கூடாது. இரண்டாவது, மூத்தோரின் நினைவுகளைப் பதிவு செய்யவேண்டும். சுரங்கம் மூடப்பட்டபோது முப்பது வயதாக இருந்தவரே இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். பாறை வெடித்த நாள்களில் சுரங்க வாயிலில் காத்து நின்ற பெண்களின் சொற்களும் அதில் இடம்பெறவேண்டும். மூன்றாவது, 2017இல் கோலாரில் தொடங்கப்பட்ட பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம், தமிழகப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து, பொதுநிதியில் இந்த ஆய்வை மேற்கொள்ளவேண்டும் என்று கோரவேண்டும். அதிகாலை ரயிலில் பெங்களூருவுக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளுக்கு அதில் ஆய்வு உதவித்தொகை வேண்டும். ஆவணப் பிரதி ஒன்று தங்கவயலிலேயே இருக்கவேண்டும்.

இங்கிருந்து எடுத்த பொன் வெளியே போய்விட்டது. நமக்கு எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும் உழைத்தவர்களின் நினைவும். அந்த நினைவையும் இழந்துவிட நாம் அனுமதிக்கக்கூடாது, தோழர்களே!