பெயர் சூட்டும் உரிமை யாருடையது?



லகீஷா, ஜமால், டிஷான், லடோயா, இமானி. தொலைக்காட்சியிலும் கூடைப்பந்து ஆட்டங்களிலும் இப்படிப்பட்ட பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயர்கள் இவை. "இதெல்லாம் ஒரு பெயரா? வாயில் வந்ததை வைத்துவிடுகிறார்கள்" என்று கேலி செய்வோர் அமெரிக்காவில் ஏராளம். நம்மிலும் சிலர் உண்டு. சிரிப்பதற்கு முன், அந்த மக்களின் பெயர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பறிக்கப்பட்ட பெயர்

ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட மனிதன் மண்ணையும் உறவையும் மொழியையும் இழந்தான். அவற்றோடு பெயரையும் இழந்தான். விலை கொடுத்து வாங்கியவன் தன் மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல் அவனுக்கும் ஒரு பெயர் வைத்தான். சீசர், கேட்டோ என்று ரோமாபுரிப் பெருமக்களின் பெயர்களையும் அடிமைகளுக்குச் சூட்டினார்கள். அது மரியாதைக்காக அல்ல.

1761-இல் பாஸ்டன் நகரில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி விற்கப்பட்டாள். அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் 'பிலிஸ்'. வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. அந்தப் பிள்ளை பிலிஸ் வீட்லி ஆனாள். 1773-இல் வெளியான அவருடைய கவிதை நூல், ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் வெளியிட்ட முதல் கவிதை நூல். ஆனால் பெற்ற தாய் அவரை என்ன சொல்லி அழைத்தாள்? எந்த ஏட்டிலும் இல்லை.

அரசாங்கமும் இதற்குத் துணை நின்றது. 1850, 1860 மக்கள் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் எஜமானனின் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் இருக்கும். அவர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. விடுதலைக்குப் பின் நடந்த 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் மற்றவர்களைப்போல் பெயரோடு பதிவானார்கள்.

காத்த பெயர், தேர்ந்த பெயர்

இருந்தும் அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. இன்றைய கானா நாட்டைச் சேர்ந்த அக்கான் மக்கள், குழந்தை பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை கோஃபி. ஐ.நா. தலைமைச் செயலாளராக இருந்த கோஃபி அனானின் பெயர் அப்படி வந்ததுதான். இந்தக் கிழமைப் பெயர்கள் கஃபி, கட்ஜோ என்று திரிந்து அமெரிக்காவிலும் வழங்கின. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கோஃபி என்பவரின் மகன், தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக ஏற்று பால் கஃபி ஆனார். கப்பல் உரிமையாளராகவும் உயர்ந்தார்.

1838-இல் தப்பியோடிய ஃபிரெடெரிக் பெய்லி, பிடிபடாமலிருக்கக் குடும்பப் பெயரை மாற்றி ஃபிரெடெரிக் டக்ளஸ் ஆனார். 'ஃபிரெடெரிக்' என்ற பெயரை மட்டும் விட மறுத்தார். தான் யார் என்ற உணர்வு அதில் இருக்கிறது என்றார். அடிமையாகப் பிறந்த இசபெல்லா 1843-இல் தனக்குத் தானே சோஜர்னர் ட்ரூத் என்று பெயரிட்டுக்கொண்டார். ஒருவர் பழைய பெயரைக் காத்தார், மற்றவர் புதிய பெயரைத் தேர்ந்தார். இரண்டும் ஒரே உரிமைதான்.

நீதிமன்றத்தில் ஒரு சொல்

வழக்கறிஞன் என்ற முறையில் என்னை மிகவும் பாதித்தது மேரி ஹாமில்டன் வழக்கு. 1963-இல் அலபாமா மாநில நீதிமன்றம் ஒன்றில் அரசு வழக்கறிஞர் அவரை "மேரி" என்றே அழைத்தார். வெள்ளைக்காரச் சாட்சிகளுக்கு 'மிஸ்டர்', 'மிஸ்' உண்டு. கறுப்பினத்தவருக்கு வெறும் பெயர்தான். இதுவே அங்கே வழக்கம். "மிஸ் ஹாமில்டன்" என்று அழைத்தால் ஒழியப் பதில் சொல்ல முடியாது என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, ஐம்பது டாலர் அபராதம் விதித்தார்கள். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மரியாதையாக அழைக்கப்படுவதும் உரிமையே என்பதை ஒரு பெண் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்.

அதே 1964-இல் காசியஸ் கிளே என்ற குத்துச்சண்டை வீரர், அடிமைப் பெயர் வேண்டாம் என்று முகம்மது அலி ஆனார். கறுப்பினப் பெருமை இயக்கம் வளர்ந்தது. ஜமால், மாலிக் போன்ற அரபுப் பெயர்களும், 'நம்பிக்கை' என்று பொருள்படும் இமானி போன்ற ஸ்வாஹிலிப் பெயர்களும் பரவின. 1977-இல் 'ரூட்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் குண்டா கிண்டே, 'டோபி' என்ற பெயரை ஏற்கும்வரை சவுக்கால் அடிக்கப்படும் காட்சியைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். அந்த ஆண்டே, அவன் மகளின் பெயரான 'கிஸ்ஸி' பல பெண் குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டது.

இன்னும் பலர் புதிய பெயர்களை உருவாக்கினார்கள். அவை வாயில் வந்தவை அல்ல. 'லா', 'டி', 'ஷா' என்ற முன்னொட்டு, பழகிய ஓசையில் ஒரு முடிவு: அதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. மூதாதையரின் பெயர் தெரியாத மக்கள், எந்த எஜமானனும் வைத்திராத பெயரைத் தேடினார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

குற்றம் எங்கே?

இந்தப் பெயர்களுக்கு விலையும் உண்டு. 2004-இல் வெளியான ஆய்வில், பாஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 கற்பனை வேலை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. எமிலி, கிரெக் போன்ற பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்தில் ஓர் அழைப்பு வந்தது. லகீஷா, ஜமால் போன்ற பெயர்களுக்குப் பதினைந்தில் ஒன்று.

"அப்படியானால் பெயரை மாற்றி வைக்கட்டுமே" என்பார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த மற்றொரு பெரிய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு 83,000-க்கும் அதிகமான விண்ணப்பங்கள் போயின. பாகுபாடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே ஏறத்தாழப் பாதி இழப்புக்குக் காரணம். பெயர்கள் ஒரே மாதிரியானவைதான், ஆனால் ஒரு நிறுவனம் அழைக்கிறது, இன்னொன்று ஒதுக்குகிறது. குற்றம் பெயரிலா, ஒதுக்கியவரிடமா? நீங்களே சொல்லுங்கள்.

வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் 1964 முதல் சொல்கிறது. திருந்த வேண்டியவர் முதலாளி. தொட்டிலில் கிடக்கும் குழந்தை அல்ல.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை இப்படி ஒரு பெயர் உங்கள் வாயில் நுழையாவிட்டால் சிரிக்காதீர்கள். எப்படி உச்சரிப்பது என்று கேளுங்கள், சரியாகச் சொல்லுங்கள். மேரி ஹாமில்டன் சிறைக்குப் போனது அந்தச் சிறிய மரியாதைக்காகத்தான்.