ஒரே மாத்திரை, இரண்டு கணக்கு



கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை உறையைப் பாருங்கள். ஒரு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை என்று எழுதியிருக்கும். ஏன் மூன்று? இரண்டு போதாதா? மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பொருத்தமாக எழுதியது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கணக்கின் விடை.

விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை 'அரை ஆயுள் காலம்' என்பார்கள். காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாராசிட்டமாலுக்கு அது சுமார் 2 முதல் 3 மணி நேரம். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று குறையும் இந்த ஓட்டத்தைச் சமன்பாடாக எழுதினால், அடுத்த மாத்திரை எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லலாம். இதுதான் மருந்துக்கான கணித மாதிரி.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காசநோய் காட்டியது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்து அமைத்த மையம் அது. சானடோரியத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, நெரிசலான வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது அந்த மையம்தான். அதற்கு உடலைக் கொடுத்து உதவியவர்கள் சென்னையின் ஏழைத் தமிழர்கள்.

1952-இல் புழக்கத்துக்கு வந்த ஐசோனியாசிட் என்ற மாத்திரையை அங்கே துருவி ஆராய்ந்தார்கள். அதைச் சிலருடைய கல்லீரல் வேகமாகச் சிதைக்கிறது; சிலருடையது மெதுவாக. இது பிறப்பிலேயே அமைவது. தென்னிந்தியர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் மெதுவாகச் சிதைப்பவர்கள். சீனர்களிடையே வேகமாகச் சிதைப்பவர்களே அதிகம்.

லாபிஸில் ஒரே கடைவரிசையில் வேலை செய்யும் இருவர் காலை 8 மணிக்கு இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் இரத்தத்திலும் 100 பங்கு மருந்து. முதல் ஆளுக்கு அரை ஆயுள் ஒன்றரை மணி நேரம். இரவு 8 மணிக்குள் எட்டு முறை பாதியாகிவிடும். மிஞ்சுவது அரைப் பங்குக்கும் குறைவு. மற்றவருக்கு 3 மணி நேரம். நான்கு முறைதான் பாதியாகும். ஆறு பங்குக்கு மேல் மிஞ்சும். ஒரே மாத்திரை, ஆனால் பதினாறு மடங்கு வித்தியாசம்!

அப்படியானால் முதல் ஆளுக்கு நோய் குணமாகாதா? குணமாகும். தினமும் சாப்பிட்டால் இருவருக்கும் குணமாகும். மருந்து பட்ட காசநோய்க் கிருமி உடனே எழுந்து வளர்வதில்லை. சிறிது காலம் முடங்கிக் கிடக்கும். அதற்குள் அடுத்த வேளை மருந்து வந்துவிட வேண்டும். ஒரு நாள் மருந்தை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதைவிட, மொத்தமாக ஒரே வேளையில் கொடுப்பது நல்ல பலன் தந்தது என்பதையும் சென்னையில் கண்டார்கள். மருந்து எட்டும் உச்சமும் கணக்கில் சேர வேண்டும் என்பது அதனால் விளங்கியது.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும், கண்காணிப்பில், அளவைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் என்று குறைத்தபோதுதான் வேகமாகச் சிதைப்பவர்கள் பின்தங்கினார்கள். இடைவெளி நீண்டதும் கிருமி தலைதூக்கிவிட்டது.

லாபிஸ் மக்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இங்குள்ள இளைஞர் பலர் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்து, வார இறுதியில் வீடு திரும்புகிறார்கள். மருந்து வீட்டில், ஆள் வெளியூரில் என்றால் என்ன ஆகும்? சென்னையில் தோற்றுப்போன அதே வாரம் ஒரு நாள் சிகிச்சையை, மருத்துவர் யாரும் சொல்லாமலேயே, அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்கிறார். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம். அது அவரோடு நிற்காது. வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றும்.

விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு விழுங்குவதும் தவறு. மெதுவாகச் சிதைப்பவர் உடலில் மருந்து தேங்கி, கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் வரலாம். இந்த நரம்புப் பாதிப்பைத் தடுக்கத்தான் பி6 வைட்டமினும் சேர்த்துத் தருகிறார்கள்.

வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறும். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. கிளினிக்கில் தாதியின் கண்முன்னே மருந்தை விழுங்கச் சொல்வது நோயாளி மீதுள்ள சந்தேகத்தால் அல்ல. இந்தக் கணக்கு தவறிவிடக் கூடாது என்பதால்தான்.

வெளியூரில் வேலை என்றால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். வேலை செய்யும் ஊரிலேயே மருந்து எடுத்துக்கொள்ள வழி கேளுங்கள். கணக்கை மருத்துவர் போட்டுத் தருவார். அதைத் தினமும் சரியாக முடித்துவைப்பது நோயாளியின் கையில்தான் இருக்கிறது.