தக்காளிக் கொல்லையின் பகைவர்கள்



லயத்து வீடுகளின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் மிளகாயும் வெண்டையும் தழைத்திருக்கக் காண்கிறோம். 1974-ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் அவர்கள் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் உணவுப் பயிர் வளர்க்குமாறு நாட்டு மக்களை ஊக்குவித்தார். தோட்ட மக்களோ அதற்கு முன்பே அவ்வாறு செய்து வந்தவர்கள். ஆயினும் தக்காளி மட்டும் பலருக்குக் கைகூடுவதில்லை. கேமரன் மலையின் குளிரில் செழிக்கும் அச்செடி, தாழ்நிலத்தின் வெப்பத்திலும் மழையிலும் நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகிறது. “நாற்று நன்றாகத்தான் வந்தது, காய்க்கும் நேரத்தில் பூச்சி தின்றுவிட்டது” என்னும் குறை எங்கும் கேட்கிறது.

எந்தப் பூச்சி என்று வினவினால் விடை வருவதில்லை. தின்றது யார் என்று அறியாமலே மருந்தைத் தேடிப் போவதுதான் வழக்கமாக இருக்கிறது. அம்மருந்து எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பேசியாக வேண்டும்.

தோட்டத்தில் களைக்கு அடிக்கும் மருந்தில் எஞ்சியதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவோர் உண்டு. இதைவிடத் தீங்கான பழக்கம் வேறில்லை. களைக்கொல்லி பூச்சியைக் கொல்லாது; தக்காளியைத்தான் கொல்லும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தை அந்தப் புட்டியைக் கண்டால் நேருவது என்ன என்று சொல்ல வேண்டுவதில்லை. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. ஒரு வாய் விழுங்கினாலும் உயிர் போகலாம். 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் கிடந்தால் அதைத் திறக்க வேண்டா. தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். களைக்கொல்லி அடித்த பம்பைக் கழுவிவிட்டுக் காய்கறிக்குப் பயன்படுத்துவதும் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் மூடியிலும் சிறிது தங்கிவிடும். தக்காளிக்கு அதுவே போதும்.

இனிப் பகைவர்களைப் பார்ப்போம். அவர்களைக் காண்பதற்கு ஏற்ற வேளை, பால்வெட்டுக்குப் புறப்படும் விடியற்காலை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் செடிகளிடையே நின்று பாருங்கள். பகலில் மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் புகையிலைப் புழு அந்நேரத்தில் இலைமேல் மேய்ந்து கொண்டிருக்கும். அதன் தாய் அந்துப்பூச்சி, இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டுப் பழுப்பு நிற மயிரால் மூடி வைக்கிறது. பொரித்த குஞ்சுப் புழுக்கள் சில நாட்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து அதைச் சல்லடையாக்கும். அந்த ஓர் இலையைக் கிள்ளி சோப்பு நீரில் போட்டால் நூறு புழுக்கள் ஒழிந்தன. ஒரு வாரம் தாமதித்தால் அவை கொல்லை முழுவதும் பரவிவிடும்.

காய்ப்புழு இதனினும் தந்திரமானது. அதன் முட்டைகள் பூவுக்கருகில் ஒவ்வொன்றாக இடப்படுகின்றன, கடுகினும் சிறியவை. புழு காயைத் துளைத்துத் தலையை உள்ளே நுழைத்து, உடலின் பின்பாதியை வெளியே விட்டபடி தின்னும். ஒரு காயை முடிக்காமலே அடுத்த காய்க்குப் போய்விடுவதால், ஒரு புழு பல காய்களைக் கெடுக்கும். துளை விழுந்த காயைச் செடியடியில் எறிந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். உள்ளிருக்கும் புழு வெளியே வந்து மண்ணில் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் அந்துப்பூச்சியாய் எழுகிறது. கெட்ட காயைப் பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். பூசைக்கு வளர்க்கும் செண்டுமல்லியைத் தக்காளி ஓரத்தில் நடுவது நல்லது. அந்துப்பூச்சி அதன் பூவை விரும்பி முட்டையிடும். ஆனால் அச்செடியையும் பார்த்துப் புழுவை எடுக்க வேண்டும்; இன்றேல் நாமே புழு வளர்த்தவர் ஆவோம்.

புழு மிகுந்துவிட்டால் பி.டி. என்னும் நுண்ணுயிர் மருந்து கடைகளில் கிடைக்கும். புழுவுக்கு மட்டுமே நஞ்சான இதை மாலையில் அடிக்க வேண்டும். சிறு புழுவுக்கே இது பலிக்கும். வேம்பு காய்க்கும் இடமாயின், விதைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பதும் பயன் தரும்.

அடுத்தது வெள்ளை ஈ. செடியை அசைத்தால் வெண்பொடி பறப்பதுபோல் எழும்பி மீண்டும் இலையடியில் அமரும். அது உறிஞ்சும் சாற்றைவிட, கொண்டுவரும் இலைச்சுருட்டை நோயே பெருங்கேடு. நோய் கண்ட செடியில் கொழுந்திலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் குவியும், பூ உதிரும். இதற்கு மருந்து இல்லை. அச்செடியை உடனே பிடுங்கிப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மற்றச் செடிகளைக் காக்க, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, இலையின் அடிப்புறம் நனையுமாறு மாலையில் தெளியுங்கள். துணி துவைக்கும் தூள் இலையைக் கருக்கிவிடும். முட்டைகள் இதற்குச் சாகா. ஆகவே ஐந்து நாட்களுக்கு ஒருமுறை மூன்று தடவையாவது தெளிக்க வேண்டும்.

இங்கே தோட்ட மக்களுக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். அருகில் டூ-ஃபோர்-டி என்னும் களைக்கொல்லியை அடிக்கும்போது, காற்றில் வரும் திவலை பட்டாலும் தக்காளி இலை சுருளும். அப்போது இலை குறுகி நாரைப்போல் நீளும், தண்டு முறுக்கிக்கொள்ளும். அந்தப் பக்கத்துச் செடிகள் யாவும் சில நாட்களுக்குள் ஒன்றாகவே சுருளும், பயற்றங்கொடியும் தப்பாது. வெள்ளை ஈ நோயோ ஒரு செடியில் தொடங்கிப் பிறகு மற்றொன்றுக்குப் போகும். எந்நாளில் எப்பகுதியில் மருந்து அடிப்பார்கள் என்று மண்டோரிடம் கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. கேட்பது உங்கள் உரிமை என்றே கருதுகிறோம்.

இலையில் வெண்கோடுகள் கிறுக்கினாற்போல் ஓடுவதைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது இலைத் துளைப்பான் ஈயின் வேலை. பார்வைக்குத்தான் பெரிது, கோடு விழுந்த அடி இலைகளைக் கிள்ளினால் போதும். கடும் மருந்து அடித்தால் அந்த ஈயைக் கட்டுப்படுத்தும் சிறு குளவிகள் மடிந்து, ஈயே பெருகும். பால்மரம் இலையுதிர்க்கும் வறண்ட நாட்களில் வரும் செஞ்சிலந்திப்பேனுக்கு, இலையடியில் நீரைப் பீய்ச்சியடிப்பதே முதல் மருந்து. காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிவது பூச்சியினால் அன்று. நீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் குறைந்தும் போவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சேராமையே காரணம்.

இறுதியாக, பூச்சி என்று பழி சுமத்தப்படும் வாடல் நோய். பச்சையாய் நின்ற செடி நண்பகலில் தொய்ந்து, ஓரிரு நாளில் சாய்ந்துவிடும். அதன் தண்டை அடியில் அறுத்து, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி தோயுமாறு சிறிது நேரம் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் வெண்ணிழை இறங்கினால் அது மண்ணில் வாழும் கிருமியின் வேலை. எந்தப் பூச்சி மருந்தும் இதற்கு உதவாது. வாடலைத் தாங்கும் கத்தரி நாற்றின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டி நடும் முறை தைவானிலுள்ள உலகக் காய்கறி நிலையத்தாரால் பரப்பப்பட்டது. ரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்டிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையன்று. தாங்கும் விதை பற்றி விவசாய இலாகா அலுவலகத்தில் கேட்கலாம். செடி வாடிய இடத்தில் சாதாரணத் தக்காளியையோ மிளகாயையோ கத்தரியையோ மீண்டும் நட வேண்டா. அங்கே சோளம் போடுங்கள்.