காலுக்கேற்ற அணைப்பு: கம்ப்யூட்டரும் கைப்பக்குவமும்

(கொட்டிவாக்கத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டெக்னிக்கலா இருக்கட்டும், ஆனா யாரும் தூங்கக்கூடாது" என்று நம் செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

பக்கவாதம் வந்த சிலருக்கும், பெருமூளை வாதமுள்ள சில குழந்தைகளுக்கும் நடக்கும்போது முன்பாதம் மேலே தூக்காது. தரையில் இழுபட்டுத் தடுக்கி விழுவார்கள். அதைத் தாங்க, கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து உள்ளங்கால் அடிவரை 'எல்' வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் அணைப்பு போடுவார்கள். ஏ.எஃப்.ஓ. என்று பெயர். நம்ம ஊரில் எல்லாமே காலிப்பர்தான்!

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம் அவர்கள், 1990களில் ஐதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்துக்காக ஏவுகணைத் தொழில்நுட்ப அனுபவத்தை வைத்து இலகுவான அணைப்புகள் செய்துகொடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று கிலோ உலோகக் காலிப்பர் இருந்த இடத்தில் 300, 400 கிராம். எடைப் பிரச்சினை அப்போதே தீர வழி பிறந்துவிட்டது. மிச்சமிருப்பது வடிவப் பிரச்சினை. கணுக்கால் எலும்பில் இரண்டு மில்லிமீட்டர் அழுத்தினால் போதும், தோல் சிவந்து புண்ணாகும். குழந்தை அழும். காலிப்பர் பரணுக்குப் போகும்.

வழக்கமான முறையில் காலுக்கு மாவுக்கட்டு போட்டு, காய்ந்ததும் வெட்டிக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். எலும்பு மேடான இடத்தில் கொஞ்சம் பிளாஸ்டர் சேர்ப்பார்கள், தாங்கல் வேண்டிய இடத்தில் இழைப்பார்கள். பிறகு அடுப்பில் இளக்கிய பாலிபுரோப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, வேக்குவம் வைத்து இழுப்பார்கள். இழுபடும்போது தகடு எங்கெங்கே மெலியும் என்பது அவர் அவர் கைப்பக்குவம்.

கம்ப்யூட்டர் இங்கேதான் உதவுகிறது. காலை ஸ்கேன் செய்து, திரையில் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றலாம். ஓரத்தைக் கணுக்கால் எலும்புக்கு முன்னால் வெட்டினால் விறைப்பு, பின்னால் தள்ளி வெட்டினால் வளைவு. இதைத் திரையிலேயே முடிவு செய்துவிடலாம். ஃபைல் கையிலிருந்தால் உடைந்ததற்குப் பதில் அதே அளவில் இன்னொன்று அச்சடிக்கலாம். குழந்தை வளர்ந்துவிட்டால்? அதையே பெரிதாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கால் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளராது. புதிதாக ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும்.

அந்த ஸ்கேனர் விஷயத்தில் நம்ம ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். கால் எப்படி இருக்கிறதோ அப்படியே அது படம் பிடிக்கும். நமக்கு வேண்டியதோ கால் எப்படி இருக்கவேண்டுமோ அந்த வடிவம். குதிகாலை நேராக்கி, கணுக்காலைச் செங்கோணத்தில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். விறைத்துக்கொள்ளும் குழந்தையிடம் அதைச் செய்வது லேசா என்ன? பிடிக்கிற கை தப்பினால், மைக்ரான் துல்லியத்தில் தப்பான காலிப்பர்தான் கிடைக்கும். இந்தக் கையைப் பயிற்சி பெற்ற ஆர்த்தோட்டிஸ்ட்டிடம்தான் பார்க்கலாம். நம் சிலபஸில் கிடையாது.

அடுத்தது அச்சு. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-ல் காப்புரிமை கேட்டார். 2009-ல் அது முடிந்ததும் மெஷின் விலை மளமளவென்று இறங்கிவிட்டது. ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு குறைவு. ஒரு குழந்தை நாளைக்கு 5000 அடி வைத்தால் வருஷத்தில் ஒரு காலுக்கு மட்டும் 9 லட்சம் வளைப்பு. நிற்கவைத்து அச்சடித்த அணைப்பு, கணுக்காலருகே பட்டென்று பிளந்துகொள்ளலாம், அதுவும் மாடிப்படி இறங்கும்போது! மலிவான பி.எல்.ஏ. பொருளோ சுமார் 60 டிகிரியிலேயே இளகும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுப் பாருங்கள், தெரியும். நைலான் பொடியை லேசரால் இணைக்கும் முறை எவ்வளவோ தேவலை. விலைதான் இடிக்கிறது.

ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுக்க நினைக்கும் மாணவர்கள், முதலில் மென்பொருளைத் திறக்காதீர்கள். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு, மாவுக்கட்டு போடுகிறவர் பக்கத்தில் நாலு நாள் நின்று பாருங்கள். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்து, தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் பிள்ளைக்கு எதைச் செய்து தருவது என்று அவரிடமே கேளுங்கள். வெளிநாட்டு டிசைன்கள் ஷூ போட்ட காலை மனதில் வைத்துச் செய்தவை.

டிபன் இடைவேளையில் இரண்டு மாதிரிகளை மேசைமேல் வைக்கிறேன். ஒன்று படுக்கவைத்து அச்சடித்தது, மற்றது நிற்கவைத்து. இரண்டையும் வளைத்துப் பாருங்கள். ஒன்று உடையும், பரவாயில்லை. உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.