நலவாழ்வின் நாற்கூறு
(அல்லிநகரத்தில் ஆற்றப்பெற்ற உரை)



காய்ச்சல் கண்டவன் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறான், மருந்து பெறுகிறான், நலமுற்று மீள்கிறான். அம்மருந்தை அங்கு வைத்தவர் யார், மருத்துவரை அங்கு அமர்த்தியவர் யார், அதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்பதில்லை. தனக்கு உரியது இன்னதென்று அறியாதவனிடமிருந்து அதனைப் பறிப்பது மிக எளிது. ஆதலின், அரசு மருத்துவம் இயங்கும் வகையைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் கடனாகும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. இற்றைநாள் அரசு மருத்துவத்தையும் இந்நாற்கூற்றைக் கொண்டே அளந்துவிடலாம்.

முதலில் அடிப்படையைக் காண்போம். பிரித்தானியாவில் 1948 சூலை 5ஆம் நாள், அமைச்சர் அனைரின் பெவன் முயற்சியால், வரிப்பணத்தைக் கொண்டு எல்லார்க்கும் மருத்துவம் அளிக்கும் திட்டம் தொடங்கிற்று. அதற்கு முன்பே, 1943இல் அமைந்த போர் என்பாரின் தலைமையிலான குழு, பணம் இல்லாமையால் எவரும் மருத்துவம் இழக்கலாகாது என்று 1946இல் இந்தியாவுக்குப் பரிந்துரைத்திருந்தது. அதற்கும் முன்னர், 1939இலேயே சென்னை மாகாணம் பொதுநலவாழ்வுக்கெனத் தனிச்சட்டம் கண்டது. நோய் வந்தபின் தீர்ப்பதற்கு ஒரு துறை, வருமுன் காப்பதற்கு ஒரு துறை என இரண்டையும் பிரித்துப் போற்றிவரும் பெருமை தமிழ்நாட்டிற்கு உண்டு.

இனிக் கூறுகளைக் காண்போம். பேணுபவரே கடைக்கால். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம். அங்கு இருப்பவர் ஊர்நலச் செவிலியர். கருவுற்றவரைப் பதிந்து, தடுப்பூசி இட்டு, வீடுவீடாகச் செல்பவர் அவரே. சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒரு தொடக்க நலவாழ்வு நிலையம் என்பது அளவு. இவ்விரு படிகளும் பொதுநலத்துறையின் கீழ் வருவன. அதற்கு மேற்பட்ட போடி, கம்பம் அரசு மருத்துவமனைகளும் பெரியகுளத்து மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவப் பணிகள் துறையைச் சேர்ந்தவை. கானாவிலக்கில் 2004இல் தோன்றிய தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மருத்துவக் கல்வித்துறைக்கு உரியது. அக்கல்லூரி தோன்றுமுன், பெருநோய் கண்டவர் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கு ஓடவேண்டியிருந்தது. படி எது, துறை எது என்று அறிந்தவனுக்கே குறையை எவரிடம் முறையிடுவது என்பதும் தெரியும்.

அடுத்தது மருந்து. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. மருந்துகளை வணிகப்பெயரால் வாங்காது பொதுப்பெயரால் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் ஆய்ந்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் ஒதுக்கீட்டைக் கணக்கேட்டில் குறித்து வழங்கும் முறை இது. விலை குறைந்தது; இருப்பு நிலைத்தது. பிற மாநிலங்களும் இம்முறையைப் பார்த்துப் பின்பற்றின. தமிழர் ஆளத் தெரியாதவர் என்பாருக்கு இக்கிடங்குகளே விடை!

மூன்றாவது மருத்துவர். இங்குதான் உரிமை பறிபோகும் இடம் உள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 6ஆம் இனமாகப் பொதுநலவாழ்வும் மருத்துவமனைகளும் நிற்கின்றன. ஆனால் மருத்துவரை உருவாக்கும் கல்வியை, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் பொதுப்பட்டியலுக்குத் தூக்கிச் சென்றது. மருத்துவமனை மாநிலத்தது, அதில் அமரும் மருத்துவரைத் தெரிவு செய்யும் முறையோ நடுவணரசினது! நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2007இல் சட்டத்தால் நீக்கியது. 2017 முதல் ‘நீட்’ என்னும் பெயரில் அது மீண்டும் சுமத்தப்பெற்றது. அரசுப்பள்ளி மாணவர்க்கு 2020இல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கொணர நேர்ந்ததே, அவர்கள் எத்துணைப் பின்தள்ளப்பட்டனர் என்பதற்குச் சான்று. ஊர்ப்புறத்தில் பணிபுரியும் அரசு மருத்துவர்க்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கும் உரிமைக்கும் வழக்காட வேண்டியிருந்தது. அவ்வுரிமை மாநிலத்திற்கு உண்டென்று உச்சநீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. மேற்படிப்பு கிட்டும் என்னும் நம்பிக்கை இருந்தால்தான் மலையடி ஊருக்கு இளம் மருத்துவர் வருவார். தேர்வு விதி எங்கோ எழுதப்படலாம். அதனால் காலியாகும் நாற்காலி இங்கே இருக்கிறது.

நான்காவது நோயுற்றவன். அவனுக்காகவே மற்ற மூன்றும். அவன் கையிலுள்ள கருவி யாது? அவன் தாய்மொழி ஒன்றே! அதற்கு நேர்ந்துள்ளதைப் பாருங்கள். ‘ஆரம்ப சுகாதார நிலையம்’ என்று எழுதுகின்றனர். ஆரம்பமும் சுகாதாரமும் வடசொற்கள். தொடக்கமும் நலவாழ்வும் தமிழில் இல்லையா? இதுவும் போதாதென்று, நடுவணரசு 2023இல் இத்தகைய நிலையங்களுக்கு ‘ஆயுசுமான் ஆரோக்கிய மந்திர்’ என்று பெயரிடுமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் செலவில் 60 பங்கு நடுவணரசினது, 40 பங்கு மாநிலத்தினது. அந்த 60 பங்கும் மக்களின் வரிப்பணமே அன்றோ? பணம் மக்களுடையது, பெயர் மட்டும் வேற்றுமொழியினதா? போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் கூலிக்கு உழைக்கும் தாய் ஒருத்தி, ‘மந்திர்’ என்பது மருத்துவமனை என்று எப்படி அறிவாள்? அவள் பெறும் மருந்துச்சீட்டும் ஆங்கிலம். வீடு திரும்புகையில் தரும் குறிப்பும் ஆங்கிலம். உணவுக்கு முன்னா பின்னா என்பதைப் பிறர் வாய்வழியே கேட்டு நினைவில் வைக்கும் நிலை உயிருக்கே ஊறு.

மருத்துவத்திற்குத் தமிழ் போதாது என்பார் உளர். அமெரிக்கரான சாமுவேல் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1860களில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கடல்கடந்து வந்தவருக்குப் போதுமாயிருந்த தமிழ், தமிழரின் அரசுக்குப் போதாதோ?

ஆகவே தமிழ்மக்கள் கேட்கவேண்டுவன மூன்று. நிலையத்தின் பெயர் தமிழாகுக! மருந்துண்ணும் முறையும் வீடுதிரும்பும் குறிப்பும் தமிழில் எழுதப்படுக! மருத்துவக் கல்வி மாநிலப் பட்டியலுக்கு மீள்க! இவற்றுள் முதலிரண்டிற்குத் தில்லியின் ஒப்புதல் வேண்டுவதில்லை. ஊரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் நாவொன்றே போதும். நாளையே கேளுங்கள்! நலவாழ்வு அரசு இடும் பிச்சை அன்று. வரிசெலுத்தும் மக்களின் உரிமை. அவ்வுரிமை தமிழில் பேசட்டும்!

வெல்க தமிழ்!