ஆணவத்துக்கு ஒருவர் கீழே நின்றாக வேண்டும்

(பாகூர் கொம்யூன் சோரியாங்குப்பத்தில் நடந்த சாதி ஒழிப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி மீறித் திருமணம் செய்தவர்களைக் கொல்வதைப் பத்திரிகைகள் முன்பு 'கௌரவக் கொலை' என்று எழுதின. கொலையில் என்ன கௌரவம் என்று கேட்டு, அதை 'ஆணவக் கொலை' என்று மாற்றியது சாதி ஒழிப்பு இயக்கம். கொன்றவன் காத்தது மானத்தை அல்ல, ஆணவத்தை என்று அந்தச் சொல் அறிவித்தது.

சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்களில் முதலாவது ஆணவம். உயிரை அணு அளவுக்குச் சுருக்குவதால் அதற்கு அந்தப் பெயர். இதை ஓதிய மடங்கள் சாதியை அழுக்காகப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் விளக்கம் சரிதான். ஆணவம் மனிதனை எவ்வளவு சுருக்கும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம்.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று கண்ணகியையும் முருகேசனையும் பிடித்து, ஊர் பார்த்துக்கொண்டிருக்க மூக்கிலும் காதிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். கண்ணகி வன்னியர், முருகேசன் தலித். இருவரும் பட்டதாரிகள். இரண்டு மாதம் முன்புதான் கடலூரில் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த தரப்பினர் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. பிறகு சி.பி.ஐ. விசாரித்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இருவர் காவல் அதிகாரிகள். கண்ணகியின் அண்ணனுக்கு விதித்த தூக்கு பின்னர் ஆயுளாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. நீதி வந்துசேர 22 ஆண்டு.

இதில் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது என்ன? மகள் போனாள், அப்பனும் அண்ணனும் சிறைக்குப் போனார்கள். காப்பாற்றியதாகச் சொன்ன பெருமை அந்த வீட்டையே தின்றது.

மகன் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தால் போகாத மானம், மகள் விரும்பியவனைக் கட்டினால் போய்விடுகிறது. காரணம், சாதிப் பெருமை பெண்ணின் உடம்பில்தான் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமை யாருடைய உழைப்பிலும் வந்ததல்ல. பாகூர் வயலில் நடவு நடும் எந்தச் சாதிப் பெண்ணுக்கும் அது கூலியைக் கூட்டித் தந்ததில்லை. சொந்தமாகச் சல்லிக்காசு மதிப்பில்லாததால்தான், தனக்குக் கீழே ஒருவரை நிறுத்தி வைத்து அது தன்னை உயரமாகக் காட்டிக்கொள்கிறது. கீழே நிற்கச் சொன்னவர் நிமிர்ந்தால் அதற்குப் பதற்றம். அந்தப் பதற்றம்தான் அரிவாளைத் தூக்குகிறது.

"நீலத் துண்டு போட்டு நீங்களும்தானே பெருமை பேசுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுயமரியாதைக்கும் ஆணவத்துக்கும் வேறுபாடு ஒன்றுதான். நான் நிமிர்ந்து நிற்க, வேறொருவர் குனிய வேண்டுமா? வேண்டாம் என்றால் அது சுயமரியாதை. வேண்டும் என்றால் ஆணவம். இந்தச் சோதனை நமக்கும் உண்டு. அருந்ததியர் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தால் பறையர் வீடு முகம் சுளிக்குமானால், அங்கேயும் இருப்பது அதே நோய். சாதியைப் படிக்கட்டாக அம்பேத்கர் விளக்கியது இதற்குத்தான். அடித்தட்டைத் தவிர ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும், மிதிக்க ஒரு படி கீழே கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே இரண்டு வேலை. ஒன்று, சட்டம். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மீறி மணந்தோரின் புகார்களைக் கவனிக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றது. நம் பகுதியில் அது எங்கே இயங்குகிறது என்று காவல்துறையிடம் எழுத்து மூலம் கேட்போம். இரண்டு, வீடு. திருவிழா பேனரில் சாதிப் பட்டம் போடுவதையும், பிள்ளைகள் கையில் சாதி நிறக் கயிறு கட்டுவதையும் நம் தெருவிலேயே நிறுத்துவோம்.

நாளை நம் வீட்டு மகள், "நான் ஒருவரை விரும்புகிறேன்" என்று சொன்னால், "என்ன சாதி?" என்று கேட்காதீர்கள். "நல்லா பாத்துப்பானா?" என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.