கேரண்டி கார்டும் ஒரு பீரோவும்: கெட்டுப்போன ஃபர்னிச்சருக்கு நியாயம் கேட்பது எப்படி?

போன எபிசோட்ல வாடகை வீட்டு அட்வான்ஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள போற கட்டில், பீரோ, சோஃபா பத்திப் பேசலாம். ஒரு போன் ரிப்பேர்னா சர்வீஸ் சென்டர் எங்கன்னு உடனே தேடுறோம். அதே நாம, நாற்பதாயிரம் கொடுத்து வாங்கின பீரோ கதவு தொங்கினா, அடியில ஒரு அட்டையை மடிச்சு வச்சு முட்டுக்கொடுத்துட்டு இருந்துடுறோம். கேரண்டி கார்டு எங்கயோ பிளாஸ்டிக் கவருக்குள்ள தூங்குது. அதை எழுப்புறதுதான் இன்னைக்கு வேலை.

லால்குடியில எங்க அத்தை வீட்டுல நடந்ததை வச்சே சொல்றேன். கடை பேர் சொல்லப் போறதில்ல, அது தேவையும் இல்ல. அத்தை பொண்ணுக்குக் கல்யாணம். ஆடித் தள்ளுபடியில திருச்சி டவுன்ல ஒரு ஷோரூம்ல கட்டிலும் மூணு கதவு பீரோவும் வாங்கினாங்க. பீரோ மட்டும் 46,000 ரூபாய், சீட்டு எடுத்த காசு. அஞ்சு வருஷ கேரண்டி. கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியா குட்டி யானையில வந்து இறங்குச்சு. பொண்ணு வாழப் போனதும் லால்குடியிலயேதான், ரெண்டு தெரு தள்ளி. ஐப்பசி மழை முடியறதுக்குள்ள பீரோவோட அடிப்பலகை டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி ஊதிடுச்சு. கீல் பிடிமானம் இல்லாம கதவு இறங்கிடுச்சு.

கடைக்குப் போன் பண்ணா முதல்ல, "கம்பெனிக்குப் பேசுங்க"ன்னாங்க. அப்புறம், "தண்ணி பட்டிருக்கு, கேரண்டி வராது"ன்னாங்க. மாமியார் வீட்டுல யாரும் எதுவும் சொல்லல. ஆனா வந்து போற சொந்தக்காரங்க அந்தக் கதவைத் திறந்து பார்த்துட்டு அமைதியா மூடுறது இருக்கே, அதுதான் அத்தைக்குத் தாங்கல.

சரி, இங்க சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

கேரண்டியா, வாரண்டியா?

கடைப் பேச்சுல, கேரண்டின்னா பொருளை மாத்தித் தருவாங்க, வாரண்டின்னா ரிப்பேர் பண்ணித் தருவாங்கன்னு ஒரு பழக்கம் இருக்கு. அந்த வார்த்தையை மட்டும் வச்சு எதுவும் முடிவாகாது. கார்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க: எந்த பாகத்துக்கு, எத்தனை வருஷம், எதெல்லாம் சேராது? நிறைய கார்டுல "அஞ்சு வருஷம்"னு பெருசா போட்டுட்டு, கீல், பூட்டு, லேமினேட் எல்லாத்தையும் கீழே பொடி எழுத்துல கழிச்சிருப்பாங்க.

ஆனா கார்டோட எல்லாம் முடிஞ்சுடல. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒரு பொருளை விவரம் சொல்லி விற்கிற வியாபாரி, அது விற்கத் தகுந்த தரத்துல இருக்கணும்னு சொல்லாமலே ஒத்துக்கிட்டதா அந்தச் சட்டம் எடுத்துக்குது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேல. "குறைபாடு"ன்னா என்னன்னு சொல்லும்போது, வியாபாரி எந்த விதத்துல சொல்லியிருந்தாலும் அந்தச் சொன்ன தரம் இல்லைன்னா அதுவும் குறைபாடுதான்னு வருது. எந்த விதத்துலயும்னா விளம்பரம், போர்டு, சேல்ஸ்மேன் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே.

எங்க அத்தை கேஸ்ல திருப்பம் அங்கதான். வாங்குறதுக்கு முன்னாடி சேல்ஸ்மேன் போட்டோ அனுப்பி, கீழே "ஃபுல் பிளைவுட்"னு டைப் பண்ணியிருந்தார். ஊதின பலகையைப் பார்த்த ஆசாரி, "இது பார்ட்டிகிள் போர்டும்மா"ன்னார். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பிளைவுட்ங்கிறது மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டினது. பார்ட்டிகிள் போர்டு மரத்துகளைப் பசையோட சேர்த்து அழுத்தினது. விளிம்பு வழியா ஈரம் ஏறினா துகள் உப்பிடும், காய்ஞ்சாலும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் பிடிக்காது. தண்ணி பட்டதா இல்லையாங்கிறது ஒரு கேள்வி. சொன்ன பொருளைக் கொடுத்தாங்களாங்கிறது வேற கேள்வி. கடைக்காரர் முதல் கேள்வியிலயே நின்னார். நாங்க ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டோம்.

அதனால பில் போடும்போதே "வார்ட்ரோப் 1"னு விடாம, என்ன போர்டு, என்ன மாடல்னு எழுதி வாங்குங்க. ஒரு நிமிஷ வேலை.

"கம்பெனியைக் கேளுங்க"

நீங்க காசு கொடுத்தது கடைக்கு. பில் கொடுத்தது கடை. அதனால முதல் பொறுப்பு கடைக்குத்தான். தயாரிச்ச கம்பெனி பேர் தெரிஞ்சா அவங்களையும் சேர்த்து எழுதலாம், ஆனா கடை விலகிக்க முடியாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு பில்லுல அச்சடிச்சிருந்தாலும் பயப்படாதீங்க. குறையுள்ள பொருளை, பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மறுக்குறதை நேர்மையற்ற வணிக முறைன்னே 2019 சட்டம் வகைப்படுத்துது.

இன்னொரு சந்தேகம் எங்களுக்கே வந்துச்சு. பில் மாமா பேர்ல, பீரோ இருக்கிறது பொண்ணோட புகுந்த வீட்டுல. யார் கேட்கலாம்? ரெண்டு பேருமே. வாங்கினவர் சம்மதத்தோட பொருளைப் பயன்படுத்துறவரும் நுகர்வோர்தான். சீர்வரிசை நிறைய கொடுக்கிற நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியமான வரி. அதே நேரம், ஹாஸ்டல் நடத்துறவர் வியாபாரத்துக்காக நாற்பது கட்டில் வாங்கினா இந்தச் சட்டத்துல நுகர்வோர் ஆக மாட்டார். சொந்தப் பிழைப்புக்காக ஒரே ஒரு மேஜை வாங்கின தையல்கார அக்கா ஆவாங்க.

என்ன செய்யணும், எந்த வரிசையில?

முதல்ல பொருளைத் தொடாதீங்க. நீங்களே ஆளை வச்சு கதவைக் கழட்டி மாட்டினா, "வெளியாள் கை வச்சுட்டாங்க"ன்னு ஒரு காரணம் அவங்களுக்குக் கிடைச்சுடும். போட்டோ, வீடியோ எடுங்க. பீரோவை மட்டும் எடுக்காம, பின்னாடி சுவர், தரை எல்லாம் காய்ஞ்சிருக்கிறதும் தெரியற மாதிரி எடுங்க. பில், டெலிவரி சலான், கேரண்டி கார்டு, மெசேஜ் எல்லாத்தையும் ஒரே இடத்துல சேருங்க.

அடுத்தது கடிதம். போன்ல பேசினதுக்கு சாட்சி இல்ல. ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதி வாங்கினோம், என்ன சொன்னாங்க, என்ன ஆச்சு, எங்களுக்கு என்ன வேணும், 15 நாள் டைம். மிரட்ட வேண்டாம், திட்ட வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வச்சுக்கோங்க, மெயில்லயும் அனுப்புங்க.

பதில் இல்லைன்னா 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். அவங்க தீர்ப்பு சொல்ல மாட்டாங்க, கடைக்கு உத்தரவு போடவும் முடியாது. ஆனா புகாரைப் பதிவு பண்ணி சம்பந்தப்பட்டவங்களுக்கு அனுப்புவாங்க. பல விஷயம் இங்கயே முடிஞ்சுடும்.

முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986 சட்டத்துல, எதிர்த்தரப்பு இருக்கிற இடத்துலயோ பிரச்சினை நடந்த இடத்துலயோதான் வழக்கு போடணும். 2019 சட்டம் அதோட, நீங்க குடியிருக்கிற இடம், வேலை பார்க்கிற இடம் ரெண்டையும் சேர்த்துச்சு. அதனால லால்குடியில இருக்கிறவர் பெங்களூரு கம்பெனிகிட்ட ஆன்லைன்ல கட்டில் வாங்கியிருந்தாலும் திருச்சி மாவட்ட ஆணையத்துலயே கேட்கலாம். கொடுத்த விலை அஞ்சு லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்ல. 2025 ஜனவரியில தொடங்கின இ-ஜாக்ரிதி தளம் மூலமா வீட்டுல இருந்தே தாக்கல் பண்ணலாம்.

ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒண்ணு, பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். "கேரண்டிதான் அஞ்சு வருஷம் இருக்கே"ன்னு சும்மா இருக்கக் கூடாது. ரெண்டு, பொறுமை வேணும். மூணு மாசத்துல, பரிசோதனை தேவைப்பட்டா அஞ்சு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில அதைவிட நீளும்.

எப்போ தோற்போம்?

இதையும் நேர்மையா சொல்லணும். பாத்ரூம் சுவர் ஓரமா வச்சு வருஷம் முழுக்க ஈரம் ஏறியிருந்தாலோ, கரையான் வீட்டுச் சுவர்ல இருந்து வந்திருந்தாலோ, கட்டில் மேல ஏறி ஃபேன் துடைச்சு சட்டம் முறிஞ்சிருந்தாலோ, அது பொருளோட குறை இல்ல. 46,000 ரூபாய் பீரோவுக்கு மன உளைச்சல்னு பத்து லட்சம் கேட்டா கேஸுக்கு இருக்கிற மரியாதையும் போயிடும். மாத்திக் கொடுங்க, இல்ல பணத்தைக் கொடுங்க, அலைஞ்சதுக்கு ஒரு நியாயமான தொகை. அது போதும்.

அத்தை விஷயம் ஆணையம் வரைக்கும் போகல. கடிதத்துக்குப் பதில் வரல. 1915-ல பதிவு பண்ணின பிறகு கடையில இருந்தே போன் வந்துச்சு. முதல்ல அடிப்பலகையை மட்டும் மாத்துறோம்னாங்க. அத்தை அந்த வாட்ஸ்அப் மெசேஜைத் திருப்பி அனுப்பினாங்க, கூட ஒரு வார்த்தை எழுதல. பத்து வாரம் இழுத்து, பீரோவை எடுத்துட்டு 46,000-ஐத் திருப்பிக் கொடுத்தாங்க. ஏத்துக்கூலி மட்டும் வரல.

கேரண்டியைக் கேட்கிறது சண்டை இல்ல மக்களே. விலையோட சேர்த்து நாம வாங்கின பொருள்ல அதுவும் ஒண்ணு. இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க: வீட்டுல இருக்கிற பில், கேரண்டி கார்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல போடுங்க. பில்லுல இருக்கிற எழுத்து சீக்கிரம் மங்கிப்போகும். அடுத்த எபிசோட்ல கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. பத்திப் பேசலாம்.